அன்னம்மாள் என்னும் அருட்பெயர்



அன்னம்மாள் என்பது பழைய பெயரென்று சிலர் ‘ஆன்’ என மாற்றுகின்றனர். அன்னம் என்றால் சோறு என்பார் ஒருவர். பறவை என்பார் இன்னொருவர். தேவமாதாவின் தாயாரது இப்பெயருக்கு மூலம் ‘ஹன்னா’ என்னும் எபிரேயச் சொல், பொருள், அருள். ஆகவே அருளாயியும் அன்னம்மாளும் பொருளில் ஒன்றே! யோவான் என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததே. வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவரைக் ‘கருணையன்’ என்றார்.

உச்சரிப்பில் எது சரி? கிரேக்கர் ‘அன்னா’ என்றனர். ஆங்கிலேயர் ‘ஆன்’ என்றனர். நாமோ ‘அம்மாள்’ சேர்த்து மரியாதை செய்தோம். குன்றாண்டார்கோவில் என எழுதிக் குன்னாண்டார்கோயில் என்கிறோம், ஊர் மாறியதா?

ஆதலால், பள்ளியில் பெயர் கூப்பிடும்போது நம் அன்னம்மாள்கள் தலைகுனிய வேண்டாம். ஜூலை 26 அவர்களது நாமத் திருநாள். அன்றேனும் முழுப் பெயர் சொல்லி வாழ்த்துவோமாக!