ராஜேஸ்வரி அம்மாவுக்கு நாடு வைத்த மொய்

(கூட்டமைப்பின் மகளிர் தினக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியது)



பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடக்கிற நேரம் இது. ரிசல்ட் வந்ததும் நம் குழுக்களில் என்ன பேச்சு வரும் என்று நமக்கே தெரியும். "எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு? கையில தொழில் இருந்தாப் போதும், கட்டிக் குடுத்துருவோம்" என்பார்கள். நல்ல மார்க் வாங்கியும் இப்படி வீட்டோடு நின்றுபோன பிள்ளைகள் நம் குழுக் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். அவர் பெயர் ராஜேஸ்வரி சட்டர்ஜி. கர்நாடகத்தின் முதல் பெண் இன்ஜினியர் என்று சொல்லப்படுகிறவர்.

1922ல் பிறந்தார். அவருடைய பாட்டி கமலம்மா தாசப்பா, மைசூர் சமஸ்தானத்தின் முதல் பெண் பட்டதாரிகளில் ஒருவர். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் படிக்க வேண்டும் என்று பாடுபட்டவர். பாட்டி தொடங்கிய பள்ளிக்கூடத்தில்தான் பேத்தியும் படித்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணக்கில் எம்.எஸ்சி. வரை முதலிடம். 1943ல் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார்.

1946ல் கெட்டிக்கார மாணவர்களை வெளிநாடு அனுப்பிப் படிக்கவைக்க அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. அதில் இவரும் தேர்வானார். 1947ல், கல்யாணம் ஆகாத 25 வயதுப் பெண், கப்பல் ஏறி அமெரிக்கா போனார். போய்ச் சேர 30 நாள். செல்போனா, ஒன்றா? கடிதம் வந்தால்தான் பிள்ளை நல்லா இருக்கு என்று தெரியும். அனுப்பிவைத்த வீட்டாரின் துணிச்சலையும் நாம் நினைக்க வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்., பிறகு எட்டு மாதம் வாஷிங்டனில் ரேடியோ அளவீட்டுப் பயிற்சி, பிறகு டாக்டர் பட்டம். 1953ல் திரும்பி வந்து, படித்த பெங்களூரிலேயே ஆசிரியராகச் சேர்ந்தார்.

அப்படி என்ன படித்தார்? இதோ இந்த மைக்கைப் பாருங்கள். நாம் பேசும்போது உள்ளே ஒரு மெல்லிய தகடு அதிர்கிறது. குரல் ஏறினால் கரண்டும் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிசாக்குகிறது, ஸ்பீக்கர் மறுபடி குரலாக்குகிறது. கரண்ட் குரலின் சாயலாகவே நடக்கிறது அல்லவா, அதைத்தான் அனலாக் எலக்ட்ரானிக்ஸ் என்கிறார்கள். முள் காட்டுகிற தராசு மாதிரி. எண்ணாகக் காட்டினால் டிஜிட்டல். "இப்ப எல்லாமே டிஜிட்டல்தானே" என்று கேட்கலாம். செல்போன் உள்ளே எண்ணாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் காற்றில் போகிறது அலைதான். அதை வாங்குவதற்கு ஆன்டெனா வேண்டும். நாம் கேட்ட திருச்சி வானொலியின் மத்திய அலை ஒவ்வொன்றும் 300 மீட்டருக்கு மேல் நீளம். ராஜேஸ்வரி அம்மா எடுத்துக்கொண்டது மைக்ரோவேவ் என்ற குட்டை அலை, ஒரு சாண், ஒரு விரற்கடை என்கிற அளவு. ரேடாருக்கும் செயற்கைக்கோளுக்கும் அதுதான் வேண்டும்.

1953ல் சிசிர் குமார் சட்டர்ஜியைத் திருமணம் செய்தார். அவரும் அதே துறை ஆசிரியர். இருவரும் சேர்ந்து மைக்ரோவேவ் ஆராய்ச்சிக் கூடத்தை உருவாக்கினார்கள். இந்தியாவில் இந்தத் துறையில் அதுவே முதல் முயற்சி என்கிறார்கள். விமானத்துக்கும் விண்கலத்துக்கும் ஏற்ற ஆன்டெனா பற்றி ஆராய்ந்தார். 20 பேரை டாக்டர் பட்டம் வாங்கவைத்தார். 100க்கு மேல் ஆராய்ச்சிக் கட்டுரை, பல புத்தகங்கள். பேராசிரியராகி, மின் தொடர்பியல் துறைக்கே தலைவரானார். மகளும் அமெரிக்காவில் மின்பொறியியல் பேராசிரியர் ஆனார்.

வடகாடு, கீரமங்கலம் பக்கத்துச் சகோதரிகளுக்கு மொய்க் கணக்கு பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. வாங்கின மொய்யைக் கூடுதலாகத்தான் திருப்பிச் செய்வோம். நாடு வைத்த மொய்யை அந்த அம்மா திருப்பிய விதம் இது. 1982ல் ஓய்வு பெற்ற பிறகும் பெண்கள் பிரச்சனைகளுக்காகப் பெண்ணியல் ஆய்வு அமைப்பில் வேலை செய்தார். 2010ல் காலமானார்.

"அது பெங்களூர், படிச்ச குடும்பம்" என்று முணுமுணுப்பது காதில் விழுகிறது. உண்மைதான், பாட்டி பட்டதாரி. ஆனால் 1886ல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் போய்ப் படித்துத்தானே டாக்டரானார்? 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வந்தபோது நாம் சைக்கிள் ஓட்டினோம், அப்போதும் சிரித்தார்கள்.

இனி காரியத்துக்கு வருவோம். சடங்குக்கும் காதுகுத்துக்கும் உள்கடன் கேட்டால் தீர்மான நோட்டில் உடனே எழுதிவிடுகிறோம். படிப்புக்குக் கேட்டால் மட்டும் "திருப்பிக் கட்டுவாளா?" என்று யோசிக்கிறோம். இது சரியில்லை என்பதே எங்கள் கருத்து. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021ல் பொறியியலுக்கும் வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் கல்லூரி போகிற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று அறிவித்தது. இந்த வருடம் என்னென்ன கிடைக்கும் என்று பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் பெயர்ப் பிழை எல்லாவற்றையும் ரிசல்ட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். கடைசி நாளில் ஓடினால் சர்வர் வேலை செய்யாது.

பன்னிரண்டாவது எழுதும் பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளின் பட்டியலை ஊக்குநர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கல்விக்கென்று தனி உள்கடன் என்ற தீர்மானத்தை அன்றைக்கே எடுத்துக்கொள்வோம்.