சொல்லும் ஒரு சங்கிலியே
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் பீர்க்கன்கரணையில் இருவர் பூசலிட்டால், “கீழ்ப்பாக்கத்துக்குப் போ” என்னும் ஏச்சு எளிதில் பிறந்துவிடுகிறது. 1794இல் தோன்றிய சென்னை மனநல மருத்துவமனை இன்று இருக்குமிடம் கீழ்ப்பாக்கம். நோய் தீர்க்கும் இடத்தின் பெயரையே வசையாக்கிவிட்டோம். நகைப்புக்காக நானும் கவியரங்கொன்றில் அச்சொல்லை ஆண்டேன், அவையும் கைதட்டியது. அந்த நகைப்புக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றனர். மருத்துவரை நாடத் தயங்குகின்றனர்.

2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. மாண்டோர் 28 பேர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. ஆனால், சொல்லால் இடும் சங்கிலியை எச்சட்டம் அறுக்கும்? சொல்லை ஆள்பவர்களாகிய நாமே அறுத்தாக வேண்டும்.

இறைவனையே பித்தன் என்று அன்போடு அழைத்த மொழி நம்முடையது. அம்மொழியில் நோயுற்ற மனிதருக்கும் ஓர் அன்புச்சொல் இல்லாமற் போகுமா? இனி ‘பைத்தியம்’ என்று எழுத நேர்கையில் எழுதுகோலைச் சற்றே நிறுத்துவோம். அங்கே அம்மனிதரின் பெயரை எழுதுவோம்.