குகைக்குள் கேள்வி கேட்க இடம் இருக்கிறதா?

(கீழ்பென்னாத்தூரில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் விளையாட்டு வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எந்த விளையாட்டு என்பதைத்தான் நாம் போதிய அளவு யோசிப்பதில்லை. இன்று ஒரே ஒரு வகை விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதில் நல்லதையும் ஆகாததையும் எப்படிப் பிரித்தறிவது என்று பேச விரும்புகிறேன்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். "எதிரே இரண்டு வாசல்கள். இடப்பக்க வாசலிலிருந்து புகை வாசம் வருகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். அவர்கள் பேசி முடிவெடுப்பார்கள். முடிவு எப்படி ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் மட்டும் பகடை உருளும். பாதாள அறைகளின் வரைபடமும், அறைக்கு அறை என்ன இருக்கிறது என்ற குறிப்பும் கொண்ட சிறு நூலுக்குச் 'சாகசம்' என்று பெயர். நடத்துபவருக்கு அது ஒரு பாடக்குறிப்பேடு.

நம் பரமபதத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் அந்த விளையாட்டில் ஏணியும் பாம்பும் தாயத்தின் கையில். ஆடுபவர் முடிவெடுக்க எதுவுமில்லை. சாகசத்தில் ஆடுபவரின் முடிவே கதை. ஆகவே, முடிவெடுக்க எவ்வளவு இடம் தருகிறது என்பதே ஒரு சாகசத்தை எடைபோடும் முதல் அளவுகோல்.

இரண்டாவது, அது யாருக்காக எழுதப்பட்டது என்பது. கைகாக்ஸ் எழுதிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' 1975இல் ஒரு போட்டிக்காக உருவாகி, 1978இல் நூலானது. அதில் சுவரில் செதுக்கிய பச்சைப் பூத முகம் ஒன்று வருகிறது. அதன் வாய்க்குள் நுழைபவர் அந்தக் கணமே இல்லாமல் போவார். எச்சரிக்கை உண்டு. ஆனால் அது ஒரு புதிர்ப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர்களைச் சோதிக்கச் செய்ததால் அதில் தவறில்லை. புதிய பிள்ளைகளிடம் அதைத் தந்தால், எதையும் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று கற்றுக்கொள்வார்கள். பள்ளி திறந்த முதல் நாளிலேயே மிகக் கடினமான வினாத்தாளைக் கொடுப்பதற்கு ஒப்பானது அது. கையை உயர்த்தத் தயங்கும் பிள்ளை, பிறகு உயர்த்தவே மாட்டான்.

புதியவர்களுக்கென்றே எழுதப்பட்டவையும் உண்டு. மைக் கார் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் தி அன்நோன்' அறைகளை விவரித்துவிட்டு, அங்கே எந்த உயிரினம், என்ன புதையல் என்பதை எழுத வெற்றிடம் விடுகிறது. பட்டியலிலிருந்து தேர்ந்து நிரப்ப வேண்டியவர் நடத்துபவர். ஆசிரியரை நம்பும் பாடநூல் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கைகாக்ஸின் 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' இன்னொன்று. ஒரு கோட்டை, அதற்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கு, அதில் பல குகைகள். எந்தக் குகைக்குள் முதலில் போவது என்பது ஆடுபவர் விருப்பம். கிளம்புமுன் அவர்கள் காதில் சில வதந்திகள் விழும். சில மெய், சில பொய். 'பிரீ-யார்க்' என்று குட்டிப் பூதங்கள் கத்தினால் சரணடைகிறோம் என்று பொருள் என்கிறது ஒரு வதந்தி. உண்மையில் அது உதவிக்கு அழைக்கும் கூச்சல்! கைப்பேசியில் வந்ததெல்லாம் மெய் என்று நம்பும் காலத்தில், கேட்ட செய்தியைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இது நல்ல பயிற்சி.

ஆனால் அதே நூலில் ஒரு பெருங்குறையும் உண்டு. குகைகளில் வாழ்வோர் இனம் இனமாக, பெண்களும் குழந்தைகளுமாக இருக்கிறார்கள். பிறந்த இனமே அவர்களை எதிரியாக்கிவிடுகிறது. உள்ளே போய் வெட்டிப் பொருளை அள்ளுவதே எளிய வழியாக அமைகிறது. நம் வகுப்பறைக்கு இது சிறு விஷயமல்ல. ஊர் என்றும் தெரு என்றும் பிரிந்து கிடக்கும் இடங்களிலிருந்து வந்து, பிள்ளைகள் ஒரே பலகையில் உட்காருகிறார்கள். "அந்தப் பக்கம் இருப்பவர்கள் பிறப்பிலேயே தீயவர்கள்" என்ற கதையை விளையாட்டாகக்கூட நாம் அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. எதிரி இருக்கட்டும். அவன் எதைச் செய்ததால் எதிரியானான் என்று கதை சொல்ல வேண்டும். அவனோடு பேசிப் பார்க்கவும் ஒரு வழி இருக்க வேண்டும்.

இதற்கு அயல்நாட்டுக் குகைகளைத் தேட வேண்டியதில்லை. இதே சாலையில் கிழக்கே போனால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் இணைக்கும் மதில், தானியக் களஞ்சியம், கல்யாண மகால், ராஜகிரி உச்சிக்கு அருகே ஆழமான பிளவு, அதன்மேல் குறுகிய பாலம். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்தக் கோட்டையை முகலாயப் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்டது. 1698இல் கோட்டை விழுமுன்பே மராட்டிய அரசர் ராஜாராம் தப்பிவிட்டார். "அரசரை வெளியே கொண்டுபோக வேண்டும். எந்த வாசல்? எந்த நேரம்? களஞ்சியத்தில் எத்தனை நாள் தானியம்? காவலன் சொல்வதை நம்பலாமா?" இதைச் சாகசமாக எழுதினால் ஒருவரையும் கொல்லாமலே மூச்சை அடக்கி ஆடலாம். வரலாறு, நிலவரைபடம், கணக்கு, வாய்மொழித் திறன் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆறு அல்லது ஏழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு பாத்திரம் கொடுங்கள். பகடைக்குத் தாயக்கட்டையோ எண் எழுதிய சீட்டோ போதும். குழுவின் முடிவை அறிவிக்கும் பொறுப்பு ஒவ்வொரு சுற்றிலும் வேறொருவருக்குப் போகட்டும். எப்போதும் பேசுபவரே பேசிக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல சாகசமும் பாதி வகுப்புக்கு வேடிக்கைதான்.

கடைசியாக ஓர் எளிய சோதனை. அதே சாகசத்தை இரண்டு பிரிவுகளில் நடத்திப் பாருங்கள். மறுநாள் நடந்ததைக் கதையாக எழுதச் சொல்லுங்கள். இரு பிரிவின் கதைகளும் ஒன்றுபோல இருந்தால், முடிவெடுத்தது பிள்ளைகள் அல்ல, அந்த நூல்தான். இரண்டும் வெவ்வேறாக இருந்து, "ஏன் அந்த வாசலைத் தேர்ந்தோம்" என்ற காரணமும் எழுத்தில் வந்திருந்தால், அந்தச் சாகசத்தை அடுத்த ஆண்டுக்கும் எடுத்து வையுங்கள்.