வயிற்றுவலியும் நெஞ்செரிச்சலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மயிலாப்பூரில் கோயில்கொண்டிருக்கும் திருவள்ளுவனார் ‘மருந்து’ என ஓரதிகாரம் வகுத்தனர். அதன் பத்துக் குறளிலும் ஒரு மருந்தின் பெயரேனும் இல்லை. முன்னுண்டது செரித்தபின் அளவோடு உண்ணவேண்டும் என்பதும், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தபின்னரே மருத்துவம் தொடங்கவேண்டும் என்பதும் அங்குப் பெறப்படும் கருத்துக்கள்.

நாமோ வயிற்றில் எந்த நோவு தோன்றினும் ‘வாய்வு’ என்று ஒரே பெயரிட்டு, ஒரு புட்டி சோடா பருகி அமைதியடைகின்றோம். நம் முன்னோர் குன்மம், சூலை, செரியாமை எனப் பல பெயர் வழங்கினர். அப்பரடிகளை வருத்தியது சூலை என்பர் சேக்கிழார். பெயர் பலவாயின், நோயும் பலவன்றோ?

இப்பிழையை யாமே செய்தோம். நாள்முழுதும் நின்று பாடஞ்சொல்லியதால் உண்டான முழங்கால்வலிக்கு, எவரையும் கேளாது கடையில் வாங்கிய வலிமாத்திரைகளைப் பலமாதம் உட்கொண்டோம். மேல்வயிறு எரிந்தது, வாய்வென்று எண்ணினோம். ஒருநாள் மலம் தார்போற் கறுத்தது. வகுப்பிலேயே தலைசுற்றி வீழ்ந்தோம். வைத்தியர் மெல்லிய குழாய்க்கருவியை இரைப்பையுட் செலுத்தி நோக்கி, புண்ணிலிருந்து இரத்தம் கசிவதைக் கண்டனர். காலந்தாழ்த்தியிருப்பின் இன்று உங்கள்முன் நின்றிருக்க மாட்டோம்.

இப்புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று வலிமாத்திரை, மற்றொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்னுங் கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவர்களாகிய வாரனும் மார்ஷலும் 1982-இல் இதனை வளர்த்துக் காட்டினர். பலர் ஐயுற்றமையால், 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே பருகி இரைப்பை அழற்சியுற்றனர். 2005-இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். முற்காலத்து நெய்யூர் மருத்துவமனையில் டாக்டர் சாமர்வெல் கத்திகொண்டு தீர்த்த குடற்புண், இன்று பெரும்பாலும் இருவாரம் முறையாக உண்ணும் மருந்துகளால் ஆறுகின்றது.

நெஞ்செரிச்சல் வேறு. உணவுக்குழாயின் அடிவாயில் தளர்ந்து, இரைப்பையின் புளிப்புநீர் மேலேறுவதே அது. இராச்சாப்பாட்டை உறங்குவதற்கு மூன்று மணி முன்னரே முடித்தல், வயிறுமுட்ட உண்ணாமை, கட்டிலின் தலைப்பக்கத்தை அரையடி உயர்த்தல், உடற்பருமனைக் குறைத்தல், புகையிலையை ஒழித்தல் ஆகியன நற்பயன் தரும். காப்பியும் காரமும் எரிச்சலை மிகுவிப்பதைக் கண்டவர் அவற்றைக் குறைப்பாராக.

கறுத்த மலம், இரத்தவாந்தி, விழுங்குதற்கு இடர், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது வைத்தியரை நாடுக. மார்பை அழுத்தும் வலி, வியர்வையோடு தோளுக்கோ தாடைக்கோ பரவுமாயின் அது வாய்வன்று. இருதய நோயாக இருக்கலாம். அப்போது ஓமநீர் தேடாது, உடனே 108-ஐ அழைக்க. பெண்மக்கட்கு இவ்வலி மேல்வயிற்று நோவாகவும், குமட்டலாகவும், மிக்க சோர்வாகவும் தோன்றுதல் உண்டு. அனைவரும் உண்டபின் அகாலத்தில் உண்டு, தம் நோவை மறைக்கும் நம் தாய்மார் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

அன்பர்களே! இன்று வீடு சென்றதும், “உங்கட்கு வயிற்றில் நோவுண்டோ?” என்று இல்லத்துப் பெரியோரை வினவுங்கள். ‘வாய்வுதான்’ என்பாராயின், அவ்விடையோடு அமையாதீர்கள்.