வீட்டில் சேரும் சாமான்கள்

தோட்டத்தில் வாழும் குடும்பங்களுக்கும், தோட்டத்தை விட்டு செபராங் ஜெயா போன்ற நகரங்களில் குடியேறிய குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு காரியத்தைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறோம். வீட்டில் நாளடைவில் சேர்ந்துபோகும் சாமான்களை எப்படி ஒழுங்கு செய்வது என்பதே அது.

"எங்கள் வீட்டில் என்ன பெரிய சாமான் இருக்கிறது?" என்று தாய்மார்கள் சிலர் கேட்கக்கூடும். கட்டிலுக்கு அடியில் சற்றுக் குனிந்து பாருங்கள். மூடி தொலைந்த பால்மாவு டின், பிடி அறுந்த வாளி, கிழிந்த குடை, ஒற்றைச் செருப்பு, பையன் முதலாம் வகுப்பில் தூக்கிப்போன பை எல்லாம் அங்கே இருக்கும். வெளியே வந்தால் மோட்டார் சைக்கிளின் பழைய டயர். அதை எறியச் சொன்னால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்!

நம் பாட்டன் பாட்டிமார் எதையும் எளிதில் எறியாதவர்கள். ரொட்டி டின்னில் அரிசி வைத்தார்கள், மாவுச் சாக்கைத் துவைத்துத் தலையணை உறை தைத்தார்கள். கையில் காசு இல்லாத காலத்தில் வந்த பழக்கம் அது. அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் லயத்து வீட்டில் கொல்லைப்புறம் இருந்தது. விறகுக் கொட்டகையும் கோழிக்கூடும் இருந்தன. 1969-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய நகரம் செபராங் ஜெயா. இங்குள்ள அடுக்குமாடி வீட்டில் கொல்லை ஏது? அங்கே வெளியில் கிடந்ததெல்லாம் இங்கே மாடிப்படிக்கும் நடைபாதைக்கும் வந்து சேர்கிறது. அவசரத்தில் தீ என்று ஓடவேண்டி வந்தால் காலை இடறுவது அந்தச் சாமான்தான்.

இடைஞ்சல் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். டிங்கிக் காய்ச்சலை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் டிங்கி முதன்முதலில் பதிவானது 1902-ஆம் ஆண்டில், இதே பினாங்கில். இரத்தக் கசிவோடு வரும் கடுமையான டிங்கியும் 1962-ஆம் ஆண்டில் பினாங்கில்தான் முதலில் தென்பட்டது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த நீர் தேங்கிய டின், டயர், பூச்சாடித் தட்டு, கவிழ்க்காமல் விட்ட வாளி, இவையே அதற்குப் போதும். பால் வெட்டுக்குப் போகும் நம் மக்களுக்கு இன்னொன்றும் தெரியும். வெட்டை நிறுத்திய மரங்களில் நிமிர்ந்தபடி விடப்பட்ட மங்குகளில் மழைநீர் நிற்கிறதல்லவா? அதுவும் கொசுவின் தொட்டில்தான்.

இந்தக் கொசு முட்டையிடுவது நீரின் விளிம்பை ஒட்டிய சுவரில். நீரைக் கொட்டிவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். முட்டையோ காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, மறுபடியும் நீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வந்தால் அது பறப்பதற்கு முன்பே நாம் முந்திக்கொள்ளலாம். கொசு வளர இடம் கொடுத்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. அதைவிட, காய்ச்சல் கண்ட குழந்தையோடு ஆஸ்பத்திரியில் உட்காரும் செலவு பெரிது.

வீட்டுக்குள் ஆணியில் அடுக்கடுக்காகத் தொங்கும் துணிகளையும் பாருங்கள். பகலில் கடிக்கும் இந்தக் கொசு இளைப்பாறுவது அந்த இருட்டில்தான். ஆளுக்கு இரண்டு ஆணி என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை மடித்துப் பெட்டியில் வையுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்தால் கரையானும் ஈரமும் அண்டா. கூட்டுவதற்கும் வசதி.

ஒரே நாளில் வீடு முழுவதையும் கலைத்துப் போடாதீர்கள். வேலைக்குப் போய் வரும் பெண்ணால் அது முடியாது. பாதியில் நின்றால் முன்பைவிட மோசம். இன்று அடுப்படி மாடம், அடுத்த வாரம் கட்டிலடி என்று போதும். ஒரு சாமானைக் கையில் எடுத்ததும், போன தீபாவளிக்குப் பின் இதைத் தொட்டோமா என்று கேளுங்கள். தொடவில்லை என்றால் பழைய பேப்பர் வாங்க வரும் லாரிக்காரரிடம் போடலாம், அல்லது தேவைப்படுகிற வீட்டுக்குக் கொடுக்கலாம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, அம்மாவின் குத்துவிளக்கு போன்றவற்றுக்கு இந்தக் கேள்வி வேண்டாம். அவை இருக்கட்டும்.

களைக்கொல்லி மருந்தை மட்டும் ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. அதைச் சர்பத் போத்தலில் ஊற்றி வைத்ததால் போன உயிர்கள் உண்டு. பாராகுவாட் மருந்துக்கு 2020-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை. பழைய போத்தல் ஏதும் மூலையில் இருந்தால் தோட்டத்து அலுவலகத்தில் ஒப்படையுங்கள். மருந்து வந்த காலி டின்னில் தண்ணீர் பிடிப்பதும் வேண்டாம்.

இனி, குப்பையோடு குப்பையாகப் போய்விடும் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது காகிதம். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், அடையாளக் கார்டின் நகல், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, சொக்சோ கடிதம் ஆகியவை பல வீடுகளில் தலையணைக்கு அடியிலும், சாமி படத்துக்குப் பின்னாலும், பழைய காலண்டருக்குள்ளும் சிதறிக் கிடக்கின்றன. லயத்து வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்தில் பதியாமல் விட்ட பிறப்புகள் எத்தனையோ. பதிந்தும் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் வேறு. பத்திரமில்லாத பிள்ளைக்குப் பள்ளியில் சேர்வது சிரமம். பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுப்பது அதைவிடச் சிரமம். இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல் நிற்கும் நம்மவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சம்பளச் சீட்டைச் சிலர் அடுப்பு பற்றவைக்க எடுத்துவிடுகிறார்கள். தோட்டம் விற்கப்பட்டு ஆட்குறைப்பு வரும் நாளில்தான் அதன் அருமை தெரியும். 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் நஷ்டஈடு கிடைக்க வேண்டும். இருபத்துநான்கு ஆண்டு உழைத்தவருக்கு 480 நாள் சம்பளம். வேலைக்குச் சேர்ந்த தேதிக்கு ஆதாரம் இல்லாமல், கணக்கில் பதினான்கு ஆண்டுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் 280 நாள்தான் கைக்கு வரும். இருநூறு நாள் வெயிலிலும் மழையிலும் உழைத்த கூலி, ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் போய்விடும். தோட்டம் கைமாறும்போதெல்லாம் பழைய நிர்வாகம் கொடுத்த கடிதத்தை ஆகவே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சேமநிதி அறிக்கை வரும்போது எல்லா மாதங்களுக்கும் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். விடுபட்ட மாதத்தைக் கேட்பதற்கு அந்த மாதத்துச் சம்பளச் சீட்டு கையில் வேண்டும்.

இதற்குப் பெரிய பீரோ தேவையில்லை. இறுக்கமான மூடியுள்ள ஒரு ரொட்டி டின் போதும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். உள்ளே ஈரம் இழுக்க ஒரு சிறு துணியில் கொஞ்சம் அரிசியை முடிந்து போடலாம். மாதம் ஒருமுறை அதை மாற்றுங்கள். டின்னைத் தரையிலிருந்து உயரமாக, அடுப்புக்கும் கூரை ஒழுகும் இடத்துக்கும் தள்ளி வையுங்கள். லயத்தைக் காலி செய்யவோ, வெள்ளம் வந்து வெளியேறவோ நேர்ந்தால் முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்த டின். பிறப்புப் பத்திரங்களுக்கு ஒவ்வொரு நகல் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் மாமா வீட்டிலோ அக்காள் வீட்டிலோ கொடுத்து வைப்பதும் நல்லது.

டின் இருக்கும் இடம் அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. இன்று மாலை வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது, மூத்த பிள்ளையைக் கூப்பிட்டு அதைத் திறந்து காட்டுங்கள்.