தூண்டில்காரன் பார்த்த ஏரி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'கல்லூரி எனக்குத் தந்தது' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஏரி தந்ததைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். செயலாளர் சிரித்துக்கொண்டே, "உனக்கு அட்டெண்டன்ஸ் அங்கேதானே அதிகம், பேசு" என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சந்திப்பின் நினைவாக, பணம் திரட்டி ஏரியில் மீன்குஞ்சு விடலாம் என்று நண்பர்கள் சிலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனசோடு சொன்ன யோசனைதான். ஆனால் புதுசாக ஆளைக் குடிவைப்பதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

அதைப் பார்க்கத் தூண்டிலைவிட மலிவான கருவி கிடையாது. ஒரு மூங்கில் குச்சி, நாலு முழம் நைலான் நரம்பு, ஒரு தக்கை, சின்ன முள். இரைக்கு மண்புழு, இல்லாவிட்டால் ஹாஸ்டலில் மிச்சமான சப்பாத்தி மாவு. அந்த மாவை மீன்கள் எங்களைவிட ருசித்துச் சாப்பிட்டன என்பதைப் பழைய மெஸ் கமிட்டி நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

தக்கையைப் பார்த்தே வந்தது யார் என்று சொல்லலாம். கெண்டைக்கு வாய் சின்னது. தக்கை வெடுக் வெடுக்கென்று துடிக்கும், இழுத்துப் பார்த்தால் புழு மட்டும் காணாமல் போயிருக்கும். ஜிலேபி கொஞ்சம் கொறித்துப் பார்த்துவிட்டுத் தக்கையைப் பக்கவாட்டில் கொண்டுபோகும். விரால் வந்தால் யோசனையே கிடையாது, தக்கை ஒரேயடியாக உள்ளே போய்விடும். பொழுது சாய்ந்தபின் கெளுத்தி வரும். அதைக் கழற்றும்போது கை பத்திரம். முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

பனையேறிக் கெண்டையை மறக்கக் கூடாது. கரையில் போட்டாலும் சீக்கிரம் சாகாது, காற்றையே சுவாசிக்கும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, 1791-ல் இந்த மீன் ஒரு பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதினார். 1797-ல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. நிஜமாகவே மரம் ஏறுமா என்று இன்றைக்கும் சந்தேகிக்கிறார்கள். தரையில் நகர்ந்து போகும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

நம்ம ஊர் ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றிப் புத்தகமே உண்டு. மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1887-ல் எழுதிய 'டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா' அது. ஏரிக்கரையில் உட்காருவது வேலையற்றவன் வேலை என்று சொன்ன என் தகப்பனாருக்கு அந்தப் பெயரைத்தான் சொல்லித் தப்பித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜிலேபி நம்ம மீனே இல்லை. ஆப்பிரிக்க மீன். 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைகளுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கும் என்பது நோக்கம். தாய் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சே தாயாகிவிடும். கூட்டம் பெருத்து, இரை போதாமல், எல்லாமே கையகலத்தில் நின்றுவிடும். 1959-லேயே இதைப் பரப்பக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அதற்குள் அது ஏரி ஏரியாகப் போய்விட்டது.

இந்தக் கதை நம்ம ஊரில் மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவில் வாணலியில் முழுசாக அடங்கும் சின்ன மீன்களைப் 'பான் ஃபிஷ்' என்பார்கள். அதில் ஒன்று ப்ளூகில். 1960-ல் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ அமெரிக்கா போனபோது, சிகாகோ மேயர் அதைப் பரிசாகக் கொடுத்தார். வளர்த்து உணவாக்கலாம் என்று எடுத்துப் போனார். அது பிவா ஏரியில் பெருகி, அங்கேயே பிறந்து வளர்ந்த மீன்களுக்கு எமனாகிவிட்டது. 2007-ல், பேரரசராக இருந்தபோது, அதை நினைத்து மனம் வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். இத்தனைக்கும் அவர் மீன்களை ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதியவர். அவருக்கே அப்படியென்றால், சந்தா கட்டி மீன்குஞ்சு வாங்கும் நாம் எம்மாத்திரம்?

குஞ்சு விற்பவர் எதைக் கொடுக்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க 2000-லேயே மத்திய அரசு தடை போட்டது; இன்னும் அங்கங்கே பிடிபடுகிறது. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கும் 'டேங்க் கிளீனர்' மீனையும் வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியில் விடுகிறார்கள். அது வலையையும் கிழிக்கிறது, விலையும் போவதில்லை. தம்பிகளே, தொட்டி மீனை ஏரியில் விடுவது புண்ணியம் இல்லை.

நம்ம மீனை யாரும் வாங்கி விட வேண்டாம். மழை வந்தால் அது தானாக வரும். புதுவெள்ளம் வரும்போது கெண்டையும் விராலும் கெளுத்தியும் எதிர்நீச்சல் போட்டு ஏறி வந்து முட்டையிடும். ஆனால் ஏறி வர வழி வேண்டும். வரத்துக்கால்வாய் குப்பையால் அடைபட்டிருந்தால் தண்ணீரும் வராது, மீனும் வராது. சாக்கடைத் தண்ணீர் வந்தால் தாக்குப்பிடிப்பது ஜிலேபி மாதிரி சிலதுதான்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, மீன்குஞ்சுக்கு ஒதுக்க நினைத்த பணத்தை, ஊராட்சியிடமும் நீர்வளத்துறையிடமும் முறையாக அனுமதி வாங்கி, வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்யச் செலவிடுவோம். இரண்டு, விலங்கியல் துறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். மாதம் ஒரு நாள் மாணவர்கள் தூண்டில் போட்டு, என்ன மீன், எவ்வளவு நீளம், எந்தத் தேதி என்று எழுதட்டும். குத்தகைக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டு உட்காருங்கள். அவர் பணம் கட்டி ஏலம் எடுத்தவர். அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள், கொக்கு காலில் சிக்கும். ஜிலேபி எத்தனை பிடித்தாலும் வறுத்துவிடுங்கள். சினை விரால் வந்தால் திரும்ப விட்டுவிடுங்கள்.

பத்து வருஷம் எழுதினால், இந்த ஏரிக்கு என்ன ஆகிறது என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கும். நாளைக்கு யாராவது "இது ஏரியே இல்லை, சும்மா கிடக்கும் நிலம்" என்று வந்து நின்றால், எடுத்துக் காட்ட அந்த நோட்டு கையில் இருக்கும்.