அகமதாபாத்தின் ஒரு மரவீடு



உத்தியோக மாற்றத்தின் காரணமாகக் குஜராத்துக்கு வந்து சேரும் தமிழர் பலரைப் போலவே, நானும் அகமதாபாத்தில் முதன்முதலாகத் தேடியது குடியிருக்க ஓர் இடம். சாபர்மதி நதிக்குக் கிழக்கே, பழைய கோட்டை நகருக்குள், ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. மூன்று ஆண்டுகள் அங்கே வசித்தேன். அண்மையில் ஒரு வியாபாரி வந்து அவ்வீட்டின் தூண்களுக்கு விலை கேட்டுச் சென்றாராம். அச்செய்தியே இந்தப் பேச்சுக்குக் காரணம்.

1411-ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம் இது. இங்குள்ள பழைய குடியிருப்பைப் 'போள்' என்பர். வாயிலைக் குறிக்கும் 'பிரதோலி' என்ற வடசொல்லிலிருந்து பிறந்த சொல் அது. மொழிபெயர்ப்பாளனுக்கு இத்தகைய விஷயங்களில் ஒரு சபலம் உண்டு, பொறுத்தருள்க. ஒரு பெரிய வாயிற்கதவு. உள்ளே ஒரு குறுகிய சந்து. இருமருங்கிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அவ்வளவுதான் போள்.

வீட்டின் முகப்பு குறுகியது. உட்புறமோ நீண்டு செல்வது. தெருவை ஒட்டி 'ஓட்லோ' எனப்படும் திண்ணை. நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றத்தின் அடியில் சுண்ணாம்புச் சாந்து பூசிய நிலவறைத் தொட்டி. முதல் மழையைக் கூரை கழுவிச் செல்ல விட்டுவிட்டு, பின்னர் பெய்யும் மழையைக் குழாய் வழியே அத்தொட்டியில் இறக்குவர். வெயிலே படாத அந்த நீர் ஆண்டு முழுவதும் குடிக்க உதவும். முதலில் தயங்கிய என் மனைவி, அந்த நீரில் பருப்பு எவ்வளவு விரைவில் வேகிறது என்று கண்டபின் வேறு நீரை அடுப்பில் வைக்கவே இல்லை.

ஆனால் வீட்டின் உயிர் மரத்தில் இருக்கிறது. அகமதாபாத் வண்டல் நிலம். கல் அரிது, செங்கல்லுக்கு மண் உண்டு. தேக்கு மரம் குஜராத்தின் தெற்கே டாங்ஸ் காடுகளிலிருந்தும், கடல் வழியே பர்மாவிலிருந்தும் வந்தது. செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்ததும் இதே பர்மாத் தேக்குத்தான். ஆயினும் அதைக் கையாண்ட விதம் வேறு. இங்கே தூண், உத்திரம், போதிகை ஆகிய யாவும் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் மரச்சட்டம். செங்கல் அதன் இடைவெளியை நிரப்புகிறது. சுவருக்குள்ளும், சில அடிகளுக்கு ஒருமுறை, மரக்கட்டைகள் கிடையாகப் பதிந்து சுவரைக் கச்சை போலக் கட்டியுள்ளன. தூண்கள் ஈரமும் கரையானும் அணுகாவண்ணம் பாதக்கல்லின்மேல் நிற்கின்றன. மேல்மாடி தெருவின்மீது சற்றே முன்னே நீண்டிருக்கிறது. அந்த நீட்சியைத் தாங்குபவை, பூவும் கிளியுமாகச் செதுக்கிய அதே போதிகைகள்தாம்.

வீட்டுக்காரம்மாளை அனைவரும் 'பா' என்று அழைப்பர்; தாய் என்று பொருள். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26 காலையில் கட்சுப் பூகம்பம் இந்நகரையும் உலுக்கியபோது அவர் முற்றத்தில் நின்றிருந்தார். "வீடு முனகியது, பாயி. கிழவி எழுந்து உட்காருவதுபோல ஒரு சத்தம். பிறகு அடங்கிவிட்டது" என்றார். நகரில் புதிதாக எழுந்த பல அடுக்குமாடிக் கட்டடங்கள் அன்று சரிந்தன. மரம் வளைந்துகொடுத்து அதிர்ச்சியை ஏற்கிறது. பாரத்தை ஒழுங்காகத் தாங்காத கான்கிரீட்டுத் தூணால் அது இயலாது.

வியாபாரிக்குப் போதிகை ஓர் அலங்காரப் பொருள்; யாருடைய வரவேற்பறையிலோ மேஜைக்கால் ஆகும். அதைப் பெயர்த்தால் மாடிக்குத் தாங்கல் போயிற்று. பொதுச்சுவரின் கட்டைகளை உருவினால் அண்டை வீட்டுக்கும் ஆபத்து. 2017-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் அச்சிறப்பைப் பெற்ற முதல் நகரம் இதுவே. பட்டியல் மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் உரிமையாளரின் பிள்ளைகள் நதிக்கு அப்பாலும் அயல்நாட்டிலும் இருக்க, கூரை ஓட்டை மாற்ற யார் வருவார்?

குடியிருப்பவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. மாடியில் குளியலறை அமைத்து, நீர் கசிவதைக் கவனியாமல் விட்டதால் உத்திரத்தின் முனை உளுத்துப்போன வீடுகள் எத்தனையோ. எங்கள் அறையிலேயே அப்படி ஒரு மூலை இருந்தது. ஒரு பருவம் முழுவதும் வாளி வைத்து ஒப்பேற்றினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. மழைக்கு முன் ஓட்டையும் நீர்த்தாரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது பெரிய காரியம் அன்று.

சென்ற மாதம் பாவைப் பார்த்து வந்தேன். வியாபாரிக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "தூணை எடுத்துக்கொள், ஆனால் அந்த இடத்தில் நீயே வந்து நில் என்றேன்" என்று சிரித்தார். எனினும் சொத்து அவர் ஒருவருடையது அன்று. பங்காளிகள் ஐவர், மூவர் விற்கச் சம்மதித்துவிட்டனர். தீபாவளிக்கு எல்லோரும் வரும்போது முற்றத்தில் அமர்ந்து பேசுவதாக இருக்கிறார்கள்.